குவாரி ராயல்டியில் ஊருக்கும் ஒரு பங்கு

கல்குவாரியோ மணல் எடுக்கும் இடமோ பக்கத்தில் வரப்போகிறது என்று தெரிந்தவுடன் எங்கள் பிரிக்பீல்ட்ஸ் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது ஒரே கேள்வி: "கம்பெனிகிட்ட என்னம்மா கேட்கலாம்?" கையிலேயே ஒரு பட்டியல் இருக்கும். கோயில் மண்டபத்துக்குக் கூரை, தமிழ்ப்பள்ளிக்குக் கணினி, ஆடித் திருவிழா அன்னதானத்துக்கு அரிசி. சமூகத் தாக்க மதிப்பீடு என் தொழில். ஒரு திட்டம் வருவதற்கு முன்பே, அது சுற்றியுள்ள மக்களை எப்படிப் பாதிக்கும் என்று வீடு வீடாகக் கேட்டு அறிக்கை எழுதும் வேலை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: கம்பெனியிடம் கேட்பதில் குறையில்லை. ஆனால் ஊரைத் தாண்டிப் போகிற பெரிய பணம் வேறு. தோண்டி எடுக்கும் கல்லுக்கும் மணலுக்கும் தாதுவுக்கும் அளவு பார்த்து மாநில அரசுக்குக் கட்டப்படும் ராயல்டி அது. அதில் எங்களுக்கு என்ன பங்கு என்று கேட்கிறவர்கள் மிகக் குறைவு.

மலேசியாவில் நிலமும் கனிமமும் மாநில அரசின் அதிகாரம் என்கிறது கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணை. நிலம், சுரங்கம், காடு இவற்றின் வருமானத்தைப் பத்தாவது அட்டவணை மாநிலத்துக்கே கொடுக்கிறது. கல், மணல் எடுக்க நில அலுவலகம் 4சி பாரத்தில் பெர்மிட் கொடுக்கும். ஈயம், தங்கம், இரும்பு, பாக்சைட் என்றால் மாநிலக் கனிமச் சட்டத்தின் கீழ் குத்தகை. எந்த வழியில் வந்தாலும் பணம் போய்ச் சேரும் இடம் மாநிலக் கருவூலம். அங்கே நுழைந்த பிறகு அதற்கு ஊர்ப்பெயர் கிடையாது. சம்பளமாகும், வேறொரு மாவட்டத்துப் பாலமாகும். இதில் சட்டமீறல் எதுவும் இல்லை. மலையை இழந்த ஊருக்கு இவ்வளவு பங்கு என்று அரசியலமைப்பில் எங்கும் எழுதப்படவில்லை, அவ்வளவுதான்.

மாநிலக் கனிமச் சட்டத்தில் மறுசீரமைப்பு நிதி என்று ஒன்று உண்டே என்று சிலர் கேட்பார்கள். உண்டு. அது தோண்டிய நிலத்தைச் சரிசெய்ய. குழிக்குப் பக்கத்தில் வாழ்ந்த மனிதர்களுக்கு அதில் இடமில்லை.

எண்ணெய் ராயல்டி பற்றி நம் வீட்டுப் பெரியவர்கள்கூடப் பேசுவார்கள். 1974-ஆம் ஆண்டு பெட்ரோலிய மேம்பாட்டுச் சட்டத்தைத் தொடர்ந்து செய்துகொண்ட ஒப்பந்தங்களில் மாநிலங்களுக்கு 5 விழுக்காடு. சபாவும் சரவாக்கும் 20 விழுக்காடு கேட்டு வருவது எல்லாருக்கும் தெரியும். 1999 பொதுத்தேர்தலில் திரெங்கானுவில் மாநில ஆட்சி மாறியது. அடுத்த ஆண்டே ராயல்டியை மாநில அரசிடம் கொடுப்பது நிறுத்தப்பட்டு, 'வாங் எசான்' (நல்லெண்ணப் பணம்) என்ற பெயரில் கூட்டரசு அமைப்புகள் வழியாகச் செலவிடப்பட்டது. இத்தனை ஆண்டு வாதமும் புத்ராஜெயாவுக்கும் மாநிலங்களுக்கும் நடுவில்தான். வாங்கிய பணத்தில் கடலோர மீனவக் குடும்பத்துக்கு மாநிலம் என்ன கொடுத்தது என்ற அடுத்த கேள்விக்கு யாரும் வருவதில்லை.

கோலாலம்பூரில் உட்கார்ந்து இதை எழுதும்போது வேறொன்றும் மனத்தில் ஓடுகிறது. இந்த நகரமே ஈயத்தில் பிறந்தது. 1857-இல் ஈயம் தேடி அம்பாங்குக்குச் சீனத் தொழிலாளர்கள் அனுப்பப்பட்டதுதான் தொடக்கம். ஈயத்தின் மீது விதித்த வரிதான் அன்றைய சிலாங்கூரின் முதன்மை வருமானம். அந்த வருமானத்தை நம்பித்தான் 1886-இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் பக்கம் முதல் ரயில் பாதை போடப்பட்டது. பிரிக்பீல்ட்ஸில் நம்மவர்கள் குடியேறிய கதையும் அந்த ரயில்வேயோடு சேர்ந்ததுதானே. ஆக, தோண்டிய பணத்தை நிலைத்து நிற்கும் ஒன்றாக மாற்ற முடியும் என்பதற்கு இந்த ஊரே சாட்சி. சுங்கை பீசியின் மாபெரும் ஈயச் சுரங்கம் இன்று ஏரியும் பேரங்காடியும். சன்வேயும் பழைய ஈய நிலம்தான். ஆனால் பூச்சோங் பக்கத்திலும் கிந்தா பள்ளத்தாக்கிலும் சுரங்கத்தை ஒட்டி வாழ்ந்தவர்களுக்கு மிஞ்சியது ஈயக்குட்டைகள். அவற்றில் குளிக்கப் போய்த் திரும்பாத பிள்ளைகளைப் பற்றி நம் நாளிதழ்களில் எத்தனையோ முறை படித்திருக்கிறோம். ரயில் ஊருக்கு வந்தது, குட்டை ஓரத்துக் குடும்பத்துக்கு என்ன வந்தது?

இன்று கூட்டரசுப் பிரதேசத்தின் அடுக்குமாடிகளுக்கான கல்லும் மணலும் பெரும்பாலும் வெளியிலிருந்து லாரியில்தான் வருகின்றன. உலு சிலாங்கூர் பக்கம் ஒரு பழைய தோட்டக் குடியிருப்பில் கூட்டம் நடத்தியபோது, ஓய்வு பெற்ற லாரி ஓட்டுநர் ஒருவர் பள்ளிக்கூட நோட்டு ஒன்றை மேசை மேல் வைத்தார். பக்கம் பக்கமாகப் பேனாவில் கட்டம் போட்டிருந்தார். நேரம், லாரி எண், எத்தனை சக்கரம், தார்ப்பாய் மூடியிருந்ததா, எந்தப் பக்கம் திரும்பியது. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எழுதியது. மழை பெய்த நாள்களுக்கு ஓரத்தில் ஒரு சின்ன 'ம'. "பத்துச் சக்கர லாரியில எவ்வளவு ஏத்துவாங்கன்னு எனக்குத் தெரியும்மா, நானே ஓட்டியிருக்கேன். அப்போ ஒரு மாசத்துல இங்கேருந்து போன கல்லு இவ்வளவு. அதுக்குக் கவர்மென்ட்டுக்குக் கட்டின காசு எங்கே போச்சு?" என்றார். அதுவரை கூரையைப் பற்றியும் கணினியைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்த கூட்டம் அமைதியாகிவிட்டது. நான் படித்த பல அறிக்கைகளைவிட அந்த நோட்டு மேலானது. ராயல்டி எடையையும் கன அளவையும் வைத்துக் கணக்கிடப்படுவது. அளவு குறைத்துக் காட்டப்பட்டால் முதல் இழப்பு அரசுக்கு. ஊரின் கண்காணிப்பு அரசுக்கும் லாபம்தான்.

அன்று ஊரின் கோரிக்கைகளை வெள்ளைப் பலகையில் மூன்று பத்தியாகப் பிரித்து எழுதச் சொன்னேன். லாரி உடைத்த சாலை, வெடி வைத்ததில் விரிந்த சுவர், சாமி படத்தின் மேல் தினமும் படியும் தூசி: இவை நடத்துநரின் பொறுப்பு. பெர்மிட் நிபந்தனைப்படி அவர் செலவில் அவரே சரிசெய்ய வேண்டும். கிளினிக், குடிநீர்க் குழாய், பள்ளிக் கட்டடம்: குவாரி வந்தாலும் வராவிட்டாலும் வரி கட்டும் குடிமகனுக்கு அரசு செய்ய வேண்டியவை. இந்த இரண்டையும் எடுத்த பிறகு என்ன மிச்சம்? மூன்றாவது பத்தி வெகுநேரம் காலியாகவே இருந்தது. பிறகு ஒரு பெண் எழுந்து, "குவாரி மூடின பிறகு எங்க பசங்க என்ன வேலை செய்வாங்க?" என்று கேட்டார். ராயல்டிப் பணம் அந்தப் பத்திக்கு உரியது.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். ராயல்டி நட்ட ஈடு அல்ல. திரும்பி வராத ஒரு சொத்தை விற்ற விலை. அதில் சாலைக் குழியை மூடுவது, விதைநெல்லை விற்று வீட்டுக்குப் பெயின்ட் அடிப்பது போன்றது. நடத்துநர் செய்ய வேண்டியதையும் அரசு செய்ய வேண்டியதையும் ஊர் நிதியிலிருந்து செய்தால், ஊருக்குப் பங்கு கிடைத்ததாகப் பெயர் மட்டும் இருக்கும். தொழிற்கல்விக்கான உதவி, குடியிருக்கும் மனைக்கு உரிமை வாங்கும் முன்பணம், சிறுதொழிலுக்கான சுழல் நிதி, வட்டி மட்டும் எடுத்துச் செலவிடும் வைப்புத்தொகை: மலை போன பிறகும் நிற்கக்கூடியவை இவைதான்.

சட்டத்தால் இதைச் செய்ய முடியும் என்பதற்கு இந்தியாவைப் பார்க்கலாம். 2015-இல் கனிமச் சட்டத்தைத் திருத்தி, சுரங்கம் உள்ள மாவட்டங்களில் மாவட்டக் கனிம அறக்கட்டளை அமைக்க வைத்தார்கள். பழைய குத்தகைக்காரர்கள் ராயல்டியில் 30 விழுக்காட்டுக்குச் சமமான தொகையும், ஏலத்தில் புதிதாக எடுத்தவர்கள் 10 விழுக்காடும் அதற்குக் கட்ட வேண்டும். இது ராயல்டிக்கு மேல் கட்டுவது, மாநிலத்தின் வருமானத்தில் ஒரு காசும் குறையாது. 'எங்கள் பட்ஜெட்டில் துண்டு விழும்' என்று சொல்லும் மாநில அரசிடம் எடுத்து வைக்க இதைவிட நல்ல வாதம் கிடைக்காது. குடிநீர், சுகாதாரம், கல்வி, சுற்றுச்சூழல் போன்ற முன்னுரிமைத் துறைகளுக்குக் குறைந்தது 60 விழுக்காடு என்றும் அன்றே விதி வகுத்தார்கள். ஆனால் அறக்கட்டளையின் தலைமைப் பொறுப்பு மாவட்ட ஆட்சியர் கையில். 2020 மார்ச்சில் கொரோனா வந்ததும், இந்த நிதியை மருத்துவச் செலவுக்குப் பயன்படுத்துமாறு மாநிலங்களை மத்திய அரசே கேட்டுக்கொண்டது. நம் நாட்டிலும் அதேதான் நடந்தது. எண்ணெய் வளம் தீர்ந்த பிறகு வரும் தலைமுறைக்காக 1988-இல் தொடங்கிய தேசிய அறங்காவல் நிதியை, 2021-இல் அவசரகாலச் சட்டத்தின் மூலம் தடுப்பூசி வாங்கத் திறந்தார்கள். தடுப்பூசி தேவைப்பட்டது, மறுக்கவில்லை. சேமிப்பு என்று பெயர் வைத்த பெட்டியைத் திறக்க எவ்வளவு நல்ல காரணமும் கிடைக்கும் என்பதைத்தான் சொல்ல வருகிறேன். அலாஸ்காவில் 1976-இல், கனிம ராயல்டியில் குறைந்தது கால் பங்கு நிரந்தர நிதிக்குப் போக வேண்டும் என்று அரசியலமைப்பிலேயே எழுதி, முதல் தொகையைத் தொட முடியாதபடி செய்தார்கள். 1982 முதல் அந்த நிதியிலிருந்து குடியிருப்பாளர்களுக்கு ஆண்டுதோறும் பங்கு போகிறது. பெருவில் சுரங்க நிறுவனங்களின் வருமான வரியில் பாதி சுரங்கப் பகுதிகளுக்குத் திரும்புகிறது. பணம் போயும் திட்டம் போட ஆளில்லாமல் பல நகராட்சிகளில் அது தேங்கிக் கிடந்தது.

இனி, யார் பாதிக்கப்பட்டவர் என்ற கேள்வி. என் வேலையில் எனக்கு மிகவும் வலிக்கும் இடம் இது. குவாந்தானில் 2014, 2015-இல் பாக்சைட் தோண்டியபோது புக்கிட் கோ பெல்டா (அரசு நிலக் குடியேற்றத் திட்டம்) குடியேறிகளில் நிலத்தைக் குத்தகைக்கு விட்டவர்களுக்குப் பணம் வந்தது. அடுத்த வீட்டுக்காரருக்கு வந்தது செந்தூசி. 2016 ஜனவரி 15 முதல் அரசு தடை போட்ட பிறகும் அக்கம்பக்கத்துக் கசப்பு போய்விடுமா? நம் மக்களின் நிலை இன்னும் சிக்கலானது. மூன்று தலைமுறையாக ஒரே லயத்தில் இருந்தும் பலர் கையில் கிராண்ட், அதாவது நில உரிமைப் பத்திரம், இல்லை. தோட்டம் கைமாறிப் பல ஆண்டுகள் ஆகியும் வீடு கம்பெனி வீடுதான். இழப்பீட்டுக் கணக்கில் நில உரிமையாளர் பெயர் மட்டுமே வரும், தூசியைச் சுவாசித்தவர் பெயர் வராது. ஊர் நிதி என்று ஒன்று வந்தால் அதன் எல்லையை கிராண்டை வைத்தோ முக்கிம் என்ற நிர்வாகப் பிரிவின் எல்லைக்கோட்டை வைத்தோ வரையக் கூடாது. தூசி எங்கே படிகிறது, வெடிச்சத்தம் எங்கே கேட்கிறது, லாரி எந்தச் சாலையில் ஓடுகிறது, கீழே எந்த ஆற்றுத் தண்ணீர் கலங்குகிறது என்று பார்த்து, அங்கே குடியிருப்பவர் எல்லாரையும் எண்ண வேண்டும். வாடகைக்கு இருப்பவரையும், பூர்வகுடி ஓராங் அஸ்லி கிராமத்தையும்.

இதனால்தான் கோயில் கூரையைப் பட்டியலில் முதலில் எழுதாதீர்கள் என்று நம்மவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். கூரைக்கு நன்கொடை வாங்கலாம், அது தனி. ராயல்டியில் பங்கு கேட்கும்போது பக்கத்துக் கம்போங்காரர்களும் சீனப் புதுக்கிராமத்தாரும் ஒரே கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். தனித்தனியாகப் போனால் ஒவ்வொருவருக்கும் ஒரு பெரிய அட்டைக் காசோலையும் ஒரு புகைப்படமும் கிடைக்கும், பங்கு கிடைக்காது. நிதிக்குழுவில் குடியிருப்பாளர்களுக்குப் பாதி இடமாவது உரிமையாக வேண்டும். அதில் பெண்கள் இருக்க வேண்டும், ஏனென்றால் பகல் முழுதும் வீட்டில் தூசியோடு இருப்பவர்களுக்குத்தான் நிலவரம் தெரியும். வரவுசெலவு ஆண்டுதோறும் சமூக மண்டபச் சுவரில், மலாய், தமிழ், சீன மொழிகளில் ஒட்டப்பட வேண்டும்.

இப்போது இதைப் பேச வேறு அவசரமும் இருக்கிறது. பேராக்கின் கெனெரிங்கில் அரிய மண் தாது எடுக்கும் முன்னோடித் திட்டம் தொடங்கிவிட்டது. மற்ற மாநிலங்களும் தங்கள் மண்ணில் என்ன இருக்கிறது என்று கணக்குப் பார்க்கின்றன. பெர்மிட் கையெழுத்தான பிறகு நிபந்தனை சேர்ப்பது மிகக் கடினம். சுற்றுச்சூழல் அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும்போதும், எங்களைப் போன்ற மதிப்பீட்டாளர்கள் கேள்வித்தாளோடு வீட்டுக்கு வரும்போதும் ராயல்டிப் பங்கை எழுத்தில் கேளுங்கள். பேட்டி எடுக்க வரும் பிள்ளையிடம் "எல்லாம் சரிதாம்மா" என்று சொல்லி அனுப்பாதீர்கள். நீங்கள் சொல்லாததை நாங்கள் அறிக்கையில் எழுத முடியாது.

ஏற்கெனவே குவாரி ஓடிக்கொண்டிருக்கும் ஊராக இருந்தாலும் வழி உண்டு. சிலாங்கூரிலும் பினாங்கிலும் தகவல் சுதந்திரச் சட்டம் இருக்கிறது. குடியிருப்பாளர் சங்கத்தின் பெயரில் விண்ணப்பம் போட்டு மூன்றைக் கேளுங்கள்: பெர்மிட்டின் எண்ணும் நிபந்தனைகளும், மாதவாரியாக வெளியே போனதாகப் பதிவான அளவு, அதற்கு வசூலான ராயல்டி. அதோடு ஒரு லாரி நோட்டும் எழுதத் தொடங்குங்கள். இரண்டு கணக்கும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கலாம். தகவல் தர மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மேல்முறையீட்டுக்கும் சட்டத்தில் இடமிருக்கிறது. அந்தக் கடிதத்தின் நகலோடு உங்கள் சட்டமன்ற உறுப்பினரைப் போய்ப் பாருங்கள், மாநில பட்ஜெட் கூட்டத்தொடருக்கு முன்பே.