ஒரே கத்தரிக்கோல், இரண்டு விலை

மலேசியாவின் ஜோகூர் பாருவில் விடியற்காலையிலேயே மோட்டார்சைக்கிள்கள் வரிசை கட்டிவிடும். குளிர்காற்று நெஞ்சில் அடிக்காமலிருக்க ஜாக்கெட்டை முன்பின்னாக மாட்டியிருப்பார்கள். ஒரு கிலோமீட்டர் சொச்சம் நீளமுள்ள கடற்பாலத்தைத் தாண்டினால், அவர்கள் வேலை பார்க்கும் சிங்கப்பூர். இரு நாட்டுத் தமிழர்களும் தங்கள் பணத்தை ‘வெள்ளி’ என்றே சொல்வார்கள். 1973 வரை இந்த வெள்ளியும் அந்த வெள்ளியும் சமம். இப்போது ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று மலேசிய வெள்ளிக்கு, அதாவது ரிங்கிட்டுக்கு, மேல் கிடைக்கிறது.

அப்படியானால் இரு பக்கச் சம்பளத்தையும் ஒப்பிட, சிங்கப்பூர்ச் சம்பளத்தை மூன்றால் பெருக்கிவிட்டால் போதுமா? போதாது. ஏன் என்று ஒரு முடிதிருத்தும் கடைக்குள் போய்ப் பார்க்கலாம்.

கைப்பேசியின் விலை இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான். கப்பலில் ஏற்றி எங்கும் விற்கக்கூடிய பொருள் அது. முடிவெட்டை அப்படி ஏற்றுமதி செய்ய முடியாது. சிங்கப்பூர்க் கடைக்காரரின் கத்தரிக்கோல் ஜோகூர்க்காரருடையதைவிட வேகமாக ஓடுவதில்லை. ஆனால் சிங்கப்பூரின் துறைமுகமும் சிப் ஆலைகளும் வங்கிகளும் ஓர் ஆளுக்கு அதிகம் ஈட்டுவதால் நல்ல சம்பளம் தருகின்றன. கத்தரி பிடிப்பவரும் அந்த வேலைகளுக்குப் போய்விடாமல் இருக்க அவருக்கும் கூலியை உயர்த்தியாக வேண்டும். அந்தக் கூலி முடிவெட்டின் விலையில் ஏறுகிறது. 1964இல் பேலா பலாசா, பால் சாமுவேல்சன் என்ற இரு பொருளியலாளர்கள் தனித்தனியே விளக்கியது இதைத்தான். நாணய மாற்று விகிதத்தை மட்டும் வைத்து வாழ்க்கைச் செலவை ஒப்பிட்டால் கணக்கு தவறுவதும் இதனால்தான்.

சரி, வரி? மாதம் 3,000 வெள்ளி வாங்கும் இருவரை எடுத்துக்கொள்வோம், ஒருவருக்குச் சிங்கப்பூர் வெள்ளி, மற்றவருக்கு ரிங்கிட். சிங்கப்பூரில் முதல் 20,000 வெள்ளிக்கு வரி இல்லை. சலுகைகளைக் கழிக்காமல் பார்த்தாலும் ஆண்டுக்கு 410 வெள்ளிதான் வருகிறது. மலேசியாவில் தனிநபர் கழிவு, சேமநிதிக் கழிவு, 400 ரிங்கிட் தள்ளுபடி எல்லாம் போக வரி பூஜ்யம். ஆக, வருமான வரி இந்த இருவர் விஷயத்தில் பெரிய வேறுபாடே இல்லை.

கையில் வரும் பணத்தைக் குறைப்பது சேமநிதி. 55 வயது வரையுள்ள சிங்கப்பூர்க் குடிமகனிடம் 20 விழுக்காடு பிடிக்கிறார்கள், முதலாளி 17 சேர்க்கிறார். மலேசியாவில் தொழிலாளி 11, முதலாளி 13. இதை வரி என்று எண்ணுவது பிழை, அது அவரவர் பெயரில் சேரும் பணம். சிங்கப்பூரில் பலர் அதைக் கொண்டே அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டுக் கடனை அடைக்கிறார்கள். வேலை அனுமதியில் பாலம் தாண்டிப் போகும் மலேசியருக்கு இந்தப் பிடித்தமே இல்லை. சம்பளம் முழுசாகக் கைக்கு வரும், ஆனால் முதுமைக்கான 17 விழுக்காடு வராது. இந்த ஒப்பீட்டில் பலரும் கவனிக்காத இடம் இதுதான் என்பது என் எண்ணம்.

கார் கணக்கு இன்னும் வினோதம். சிங்கப்பூரில் கார் வாங்குமுன், பத்தாண்டு வைத்திருக்கும் உரிமைச் சான்றிதழை ஏலத்தில் எடுக்க வேண்டும். அதுவே ஒரு லட்சம் வெள்ளியைத் தாண்டியிருக்கிறது. பெட்ரோலோ ஜோகூரில் மிக மலிவு. அதனால் சிங்கப்பூர்க் கார்கள் முக்கால் தொட்டி பெட்ரோல் இல்லாமல் எல்லை கடக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது.

கடைசியாக, எந்த ரசீதிலும் வராத செலவு: நேரம். 22 நாள், நாளுக்கு 8 மணி நேரம் என்றால் மாதம் 176 மணி. 3,000 வெள்ளியை அதால் வகுத்தால் மணிக்கு 17 வெள்ளி. போக வர நான்கு மணி நேரம் சேர்ந்தால் 264 மணி, கூலி 11 வெள்ளி சொச்சத்துக்கு இறங்கிவிடும். ஜோகூர் பாருவின் புக்கிட் சாகரையும் சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் நார்த்தையும் இணைக்கும் ஆர்டிஎஸ் என்ற எல்லை தாண்டும் விரைவு ரயிலின் பயணநேரம் ஏறத்தாழ ஐந்து நிமிடம். குடிநுழைவுச் சோதனையைச் சேர்த்தாலும் அந்த 88 மணியில் பெரும்பங்கு மிச்சமாகும். அப்புறம் அந்த மிச்சத்தின் ஒரு பகுதியை, நிலையத்துக்குப் பக்கத்தில் வீடு வைத்திருப்பவர் வாடகையாகக் கேட்பார்.