டிஸ்டிகையாசிஸ்: நாயின் இமை விளிம்பில் முளைக்கும் முடி

நாயின் கண்ணில் ஓயாமல் நீர் வடிகிறது, வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்குகிறது, முன்னங்காலால் முகத்தைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறது என்று மருத்துவரிடம் கொண்டுபோகிறவர்களின் காதில் விழும் பெயர்களில் ஒன்று டிஸ்டிகையாசிஸ். டிஸ்டிகியாசிஸ் என்று உச்சரிப்பவர்களும் உண்டு. இரண்டும் ஒன்றுதான். இமை விளிம்பில், முடி முளைக்கக் கூடாத இடத்தில் முடி முளைப்பதைத்தான் இப்படிச் சொல்கிறார்கள்.

பெயர் கிரேக்க மொழியிலிருந்து வந்தது. ‘டி’ என்றால் இரண்டு. ‘ஸ்டிகோஸ்’ என்றால் வரிசை, வரி. இரண்டே வரியில் முடியும் பாட்டை ஆங்கிலத்தில் ‘டிஸ்டிக்’ என்பதும் இந்த வேரிலிருந்துதான். நம் குறள் வெண்பா மாதிரியான ஈரடிப் பாட்டு. கடைசியில் ஒட்டியிருக்கும் ‘இயாசிஸ்’ நோய்நிலையைக் காட்டும் விகுதி. ஆக, சொல்லின் நேர்ப்பொருள் ‘இரட்டை வரிசையாக இருக்கும் நிலை’ என்பது மட்டுமே. எதன் வரிசை என்று சொல்லுக்குள் எங்கும் இல்லை. இமைமுடி என்பதை நாமாகத்தான் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மனிதர்களுக்கு இந்தப் பெயர் நன்றாகவே பொருந்துகிறது. வழக்கமான இமைமுடிக்குப் பின்னால், கண்ணை ஒட்டி இன்னொரு வரிசை முளைத்து நிற்கும். மனிதர்களில் இது அரிது. ஃபாக்ஸ்சி2 என்ற மரபணுவில் கோளாறு இருப்பவர்களுக்குக் காலில் நிணநீர் தேங்கி வீங்குவதோடு சேர்ந்து இதுவும் வருவதுண்டு.

நாய்க்கு வரும்போதுதான் பெயர் கொஞ்சம் தடுமாறுகிறது. நாயின் மேல் இமையில் இயல்பாகவே ஒன்றுக்கு மேற்பட்ட வரிசையில் இமைமுடி உண்டு. கீழ் இமையிலோ உண்மையான இமைமுடியே கிடையாது. அப்படியானால் கீழ் இமை விளிம்பில் நாலு முடி முளைத்தால் அது இரண்டாம் வரிசையா, முதல் வரிசையா? தவிர, பெரும்பாலான நாய்களில் இது வரிசையாகவும் முளைப்பதில்லை. இங்கே ஒன்று, அங்கே இரண்டு என்று சிதறி நிற்கும். பெயரை நம்பி முழு வரிசையைத் தேடினால் கண்ணை உறுத்தும் அந்த ஒற்றை முடி தப்பிவிடும்.

அந்த முடி எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். இமை விளிம்பை உற்றுப் பார்த்தால் ஊசி முனையால் குத்தியது போன்ற சிறு துளைகள் வரிசையாகத் தெரியும். நாயின் ஒவ்வோர் இமையிலும் சுமார் 20 முதல் 40 வரை இருக்கும். இவை மைபோமியன் சுரப்பிகளின் வாய்கள். 1666இல் இவற்றை விரிவாக எழுதிய ஜெர்மானிய மருத்துவர் ஹைன்ரிஷ் மைபோம் பெயரால் வழங்குகின்றன. இவை சுரக்கும் எண்ணெய்தான் கண்ணீரின் மேல் மெல்லிய படலமாகப் படர்ந்து, அது சட்டென்று உலர்ந்துவிடாமல் காக்கிறது. தமிழில் இமைநெய்ச் சுரப்பி என்று சொன்னால் வேலையும் இடமும் ஒருங்கே புரிந்துவிடும். டிஸ்டிகையாசிஸ் உள்ள நாயில், இந்தச் சுரப்பிக்குள்ளோ அதை ஒட்டியோ ஒரு முடிக்கால் உருவாகி, எண்ணெய் வரவேண்டிய துளை வழியே முடி வெளியே வருகிறது. ஒரே துளையிலிருந்து இரண்டு மூன்று முடிகள் வருவதும் உண்டு.

இதைச் சுலபமாகக் கண்டுபிடிக்க முடியாது. முடி மெலிதாக, பல சமயம் நிறமே இல்லாமல் இருக்கும். நேராக விளக்கடித்தால் தெரியாது. இமையை லேசாக வெளிப்புறம் திருப்பி, பக்கவாட்டில் ஒளி விழச் செய்து, உருப்பெருக்கியில் பார்க்கும்போது, முடியின் நுனியில் பீளை ஒரு சிறு மணியாக ஒட்டிக்கொண்டு மின்னும். முடியை விட அந்த மணிதான் முதலில் கண்ணில் படும்.

இனி இதன் பங்காளிகள் இருவரையும் பார்த்துவிடலாம், ஏனென்றால் குழப்பமே இவர்களால்தான்.

ஒன்று, ட்ரிகையாசிஸ். ‘த்ரிக்ஸ்’ என்றால் கிரேக்கத்தில் முடி. இதில் புதிதாக எந்த முடியும் முளைப்பதில்லை. முளைக்க வேண்டிய இடத்தில் முளைத்த முடியே திசை மாறிக் கண்ணில் படுகிறது. பீக்கினீஸ், பக் போன்ற தட்டை மூக்கு நாய்களில் மூக்கு மடிப்பின் மேலுள்ள முடி கண்ணை உரசுவதும் இதில் அடங்கும். வயதான காக்கர் ஸ்பேனியலின் மேல் இமை தளர்ந்து தொங்கி, அதிலுள்ள முடி கண்ணில் படுவதும் இதே வகைதான். இமையே உள்பக்கம் மடிந்துகொண்டால் அதற்குப் பெயர் என்ட்ரோபியான். ‘உள்ளே திரும்பியது’ என்று பொருள். அது வேறு கோளாறு, வேறு அறுவை.

மற்றது, எக்டோபிக் சீலியா. ‘எக்’ என்றால் வெளியே, ‘டோபோஸ்’ என்றால் இடம். இடம் தவறிய இமைமுடி. சீலியா என்பது லத்தீன். முதலில் இமையைக் குறித்த சொல், பின்னால் இமைமுடியையும் குறிக்கத் தொடங்கியது. தமிழிலும் ‘இமை’ பேச்சில் இரண்டுக்கும் வருகிறது, ‘ரெப்பை’யும் அப்படியே. இந்த வகையில் முடி விளிம்பில் வருவதில்லை. இமையின் உட்புறத் தோலைத் துளைத்துக்கொண்டு, நேராகக் கருவிழியை நோக்கி நீட்டிக்கொண்டு வருகிறது. பெரும்பாலும் மேல் இமையின் நடுப்பகுதியில், விளிம்பிலிருந்து சில மில்லிமீட்டர் உள்ளே. குட்டை முடி, தூரிகைக் கட்டை போல விறைப்பானது. ஒவ்வொரு முறை கண் சிமிட்டும்போதும் கருவிழியின் ஒரே இடத்தைக் கீறும். இளம் நாய்க்குத் திடீரென்று ஒரு கண் திறக்க முடியாத வலி வந்து, எந்தச் சொட்டு மருந்து போட்டும் புண் ஆறாமல் இருந்தால், இந்த முடியைத் தேடாமல் விடக் கூடாது.

தமிழில் இவற்றுக்கு என்ன சொல்லலாம்? மூன்றையும் ‘கண்ணுக்குள் முடி வளர்தல்’ என்று ஒரே பெயரில் அழைப்பது பரவலாக இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒன்றில் இடம் தவறு, ஒன்றில் திசை தவறு, ஒன்றில் இரண்டும் தவறு. சிகிச்சையும் செலவும் மூன்றுக்கும் மூன்று விதம். பழைய சமஸ்கிருத மருத்துவத்தில் ‘பக்ஷ்மகோபம்’ என்று ஒரு சொல் உண்டு. இமைமுடியின் சீற்றம் என்று பொருள். அழகான பெயர்தான். ஆனால் அது முடி உள்நோக்கித் திரும்பி உறுத்தும் நிலையைக் குறிப்பதால் ட்ரிகையாசிஸுக்குத்தான் பொருந்துமே தவிர நம் சொல்லுக்கு ஆகாது.

‘மயிர்’ நல்ல பழந்தமிழ்ச் சொல், அதனால் நூல்களில் ‘இமைமயிர்’ என்று எழுதுவதில் தப்பில்லை. ஆனால் இன்றைய பேச்சில் அது வசைச் சொல்லாகிவிட்டதால், மருத்துவர் நாய் வளர்ப்பவரிடம் சொல்ல ‘இமைமுடி’யே தோது. டிஸ்டிகையாசிஸுக்கு நேரடி மொழிபெயர்ப்பு வேண்டுமென்றால் ‘இருவரிசை இமைமுடி’. உயிரெழுத்துக்கு முன்னால்தான் ஈரடி, ஈருயிர் என்று நீளும். இங்கே ‘இரு’ என்பதே சரி. இருந்தாலும் நாயைப் பொறுத்தவரை ‘விளிம்பு இமைமுடி’ என்பதே என் தேர்வு. எண்ணிக்கையை விட்டுவிட்டு இடத்தைச் சொல்கிறது. எக்டோபிக் சீலியாவுக்கு ‘உட்புற இமைமுடி’, ட்ரிகையாசிஸுக்கு ‘திசைமாறிய இமைமுடி’. மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தாலே வித்தியாசம் புரிகிறது அல்லவா?

சரி, செலவுக்கு வருவோம். விளிம்பு இமைமுடி இருக்கிறது என்பதாலேயே சிகிச்சை தேவைப்படுவதில்லை. காக்கர் ஸ்பேனியல் இனத்தில் இது சர்வ சாதாரணம். பல நாய்களுக்கு முடி மெத்தென்று கண்ணீர்ப் படலத்தின் மேலேயே மிதந்துகொண்டிருக்கும், கண்ணுக்கு ஒரு தொந்தரவும் இராது. அவற்றை அப்படியே விட்டுவிடுவதுதான் முறை. வேறு எதற்கோ பரிசோதிக்கும்போது முடி தென்பட்டது என்பதற்காக மயக்க மருந்து கொடுத்து அகற்ற வேண்டியதில்லை.

கண் உறுத்துகிறது என்றால், உறுத்துவது முடிதானா என்று முதலில் உறுதிப்படுத்த வேண்டும். ஒரு தாள் பட்டையைக் கீழ் இமையில் 1 நிமிடம் செருகிக் கண்ணீரை அளக்கும் ஷிர்மர் சோதனை ஒன்று. 15 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ நனைந்தால் பொதுவாக இயல்பு என்று கொள்வார்கள். ஃப்ளோரசீன் சாயம் விட்டுக் கருவிழியில் புண் இருக்கிறதா என்று பார்ப்பது இன்னொன்று. புண் பச்சையாக ஒளிரும். இரண்டும் எளிய சோதனைகள், பொது மருத்துவரே செய்துவிடலாம். இவற்றைத் தவிர்த்துவிட்டு நேரே அறுவைக்குப் போனால், கண் வறட்சிக்குச் செய்ய வேண்டிய வைத்தியத்தை விட்டுவிட்டு முடிக்குப் பணம் கட்டியதாகிவிடலாம்.

லேசான உறுத்தலுக்குக் கண்ணை வழுவழுப்பாக வைத்திருக்கும் களிம்பே போதுமானதாக இருக்கலாம். அடுத்த படி, முடியைப் பிடுங்குவது. நுனி தட்டையான இடுக்கியால், முடி வளரும் திசையிலேயே மெல்ல இழுப்பார்கள். 4 முதல் 6 வாரத்தில் திரும்ப முளைத்துவிடும். அப்புறம் எதற்குப் பிடுங்க வேண்டும்? பிடுங்கிய வாரங்களில் கண் தெளிந்து, முளைத்ததும் திரும்ப உறுத்தினால், குற்றவாளி முடிதான் என்று கையோடு தெரிந்துவிடும். நிரந்தரச் சிகிச்சைக்குச் செலவழிப்பதற்கு முன் இதைவிட நல்ல சோதனை இல்லை. முடி நாலைந்துதான், நாயும் அசையாமல் நிற்கும் என்றால், அவ்வப்போது பிடுங்கிக்கொண்டே காலம் தள்ளுகிறவர்களும் உண்டு. ஆனால் வீட்டில் நாமே செய்யக் கூடாது. பாதியில் முறிந்த முடியின் அடிக்கட்டை முன்பைவிட விறைப்பாகிக் கருவிழியைக் கீறும்.

நிரந்தர முறை எல்லாவற்றுக்கும் நோக்கம் ஒன்றுதான், முடிக்காலை அழிப்பது. முடி கொஞ்சம் என்றால் மின்சார ஊசியால் ஒவ்வொரு முடிக்காலாகச் சுடுவது பொருந்தும். நிறைய என்றால் குளிரூட்டி உறைய வைக்கும் கிரையோ முறை. முடிக்கால் சுமார் மைனஸ் 25 டிகிரி செல்சியஸில் மடிகிறது. இமைத் தோல் அதற்கு அப்பாலும் தாங்கும் என்பதால்தான் இந்த முறையே சாத்தியமாகிறது. உறையவைத்து, உருகவிட்டு, மறுபடி உறையவைப்பார்கள். சில நாள் இமை நன்றாக வீங்கும், பார்க்கவே பாவமாக இருக்கும். விளிம்பின் கறுப்பு நிறம் வெளுத்துப்போய், பெரும்பாலும் சில மாதங்களில் திரும்பும். இமையை நெடுகப் பிளந்து சுரப்பியை அகற்றும் பழைய முறை தழும்பு விட்டு இமையையே கோணலாக்கக்கூடியது. அதை இப்போது பலர் தவிர்க்கிறார்கள். உட்புற இமைமுடிக்கு மட்டும் இத்தனை ஆலோசனை தேவையில்லை. முடிக்காலோடு சேர்த்து அந்தச் சிறு துண்டை வெட்டி எடுத்துவிட்டால் புண் மளமளவென்று ஆறிவிடும். மாதக் கணக்கில் சொட்டு மருந்து வாங்கி வலியை நீட்டுவதைவிட, சீக்கிரம் அறுவை செய்வதே செலவும் குறைவு, நாய்க்கும் நிம்மதி.

எந்த முறையிலும் மறுபடி முடி முளைக்கலாம். சிகிச்சை அன்று உறங்கிக்கொண்டிருந்த முடிக்கால் பின்னால் விழித்துக்கொள்ளும். அதனால் ‘ஒரே முறையில் தீருமா, இரண்டாம் முறை வந்தால் கட்டணம் எப்படி’ என்று முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது. மொத்தச் செலவில் மயக்க மருந்தும் அதைச் சார்ந்த கண்காணிப்பும் பெரும்பங்கு எடுத்துக்கொள்ளும். அவசரம் இல்லாத நாய்க்குப் பல் சுத்தமோ கருத்தடையோ வரவிருந்தால் இரண்டையும் ஒரே மயக்கத்தில் முடிக்க முடியுமா என்று கேட்கலாம். இரண்டு கண்ணையும் ஒரே நாளில் செய்துகொள்ளலாம். கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் மருத்துவமனைகளில் கண் பிரிவு இருக்கும்போது, தனியாரைவிடக் குறைந்த கட்டணத்தில் தேர்ந்தவர்கள் பார்ப்பதுண்டு. லேசர் என்ற பெயருக்காகவே கூடுதலாகக் கொடுக்க வேண்டியதில்லை. செய்கிறவரின் கைப்பழக்கம்தான் முக்கியம்.

மிச்சம் பிடிக்கக் கூடாத இடமும் ஒன்று உண்டு. வீட்டில் மீதமிருக்கும் சொட்டு மருந்தை எடுத்து விடுவது. அதில் ஸ்டீராய்டு இருந்து, கருவிழியில் புண்ணும் இருந்தால், கருவிழி கரைந்து ஓட்டை விழும் அளவுக்குப் போகலாம். கண்ணை இறுக மூடிக்கொண்டு திறக்கவே மறுத்தாலோ, கருவிழி நீலம் பாய்ந்து மங்கினாலோ, அன்றே மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

இந்தக் கோளாறு சில இனங்களில் பரம்பரையாகத் தொடர்கிறது. காக்கர் ஸ்பேனியல், ஷிட்ஸு, புல்டாக், பீக்கினீஸ், கோல்டன் ரிட்ரீவர் எல்லாம் அந்தப் பட்டியலில் வரும். கடுமையாக உள்ள நாயை இனப்பெருக்கத்துக்கு விடாமல் இருப்பதும், குட்டி வாங்கும்போது தாய் தகப்பன் கண்களைப் பற்றி விசாரிப்பதும் அவசியம். மருத்துவச் சீட்டில் ‘கண்ணில் முடி’ என்று மட்டும் இருந்தால், மூன்றில் எது, எந்தக் கண், மேல் இமையா கீழ் இமையா, எத்தனை முடி என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வேறு மருத்துவரிடம் போக நேர்ந்தால் அவருக்கு எதை எங்கே தேடுவது என்று அந்தச் சீட்டே சொல்லிவிடும்.