செல்வமகள் கணக்கு: கடைசியில் கைக்கு எவ்வளவு வரும்?

குடியாத்தத்தில் பீடி சுற்றும் ஒரு அக்கா பாஸ்புக்கோடு ஒரு துண்டுத்தாளையும் நீட்டினார். மடித்து மடித்து நான்கு மடிப்பிலும் கிழிந்த தாள். மாதம் 1,000 ரூபாய் கட்டினால் முடிவில் ஆறு லட்சத்துச் சொச்சம் என்று பேனாவில் எழுதியிருந்தது. "அடுத்த வருஷம் பொண்ணுக்கு இருபத்தொண்ணு முடியுதுண்ணா. ஆறு லட்சத்தையும் ஒரே தடவையா குடுத்துருவாங்களா?"

மாட்டார்கள். இன்னும் பத்து வருஷத்துக்கு அந்தத் தொகையின் பக்கத்தில்கூட அவரால் போக முடியாது. கணக்குத் தொடங்கும்போது இதைச் சொல்ல அஞ்சலகக் கவுண்டரில் ஒருவருக்கும் வாய் வரவில்லை.

செல்வமகள் என்பது பெண் குழந்தையின் பெயரில் பணம் சேர்க்கும் மத்திய அரசுத் திட்டம். 2015 ஜனவரியில் வந்தது. பெண் குழந்தைக்குப் பத்து வயது ஆவதற்குள் தொடங்க வேண்டும், ஒரு வீட்டில் இரண்டு பெண்களுக்கு. ஆண்டுக்குக் குறைந்தது 250 ரூபாய், அதிகபட்சம் ஒன்றரை லட்சம். வட்டிக்கு வரி கிடையாது. பின்னணி இவ்வளவு போதும்.

21 வருஷம் என்பது பெண்ணின் வயது அல்ல, கணக்கின் வயது. இதில் ஏமாறாத வீட்டை நான் அதிகம் பார்த்ததில்லை. அக்கா தொடங்கியது 2015இல், மகளுக்கு ஒன்பது வயதில். பணம் கட்டுவது 15 வருஷம், அதாவது 2030 வரை. கணக்கு முதிர்வது 2036இல். அப்போது மகளுக்கு முப்பது வயது நடக்கும். பதினெட்டு முடிந்த பெண்ணின் கல்யாணத்துக்காக முன்கூட்டியே முடிக்கலாம், ஆனால் துண்டுத்தாளில் உள்ள தொகை வராது. இன்றைய 8.2 சதவீதத்தையே வைத்துப் பார்த்தாலும், மாதம் ஆயிரம் கட்டி 14 வருஷத்தில் முடித்தால் சுமார் 3.08 லட்சம்தான். 21 வருஷமும் விட்டுவைத்தால் சுமார் 5.55 லட்சம். பணமே கட்டாத கடைசி ஆறு வருஷத்தில்தான் இரண்டு லட்சத்துக்கு மேல் ஏறுகிறது. பெண் பிறந்த வருஷமே தொடங்குங்கள் என்று நான் நச்சரிப்பது இதனால்தான்.

அடுத்தது வட்டி. தொடங்கிய அன்று சொன்ன வட்டி கடைசிவரை வரும் என்பது நம் ஊரில் பரவலான நம்பிக்கை. எஃப்.டி. அப்படி, இது அப்படியல்ல. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மத்திய அரசு வட்டியை அறிவிக்கும். ஏற்கெனவே சேர்ந்திருக்கும் பணத்துக்கும் அதே வட்டிதான். 2015-16இல் 9.2 சதவீதம். 2020 ஏப்ரலில் 7.6. 2024 ஜனவரியிலிருந்து 8.2. அக்காவின் தாள் 9 சதவீதத்துக்கு மேல் இருந்த காலத்துக் கணக்கு. அதையே இன்றும் வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

மனக்கணக்குக்கு ஒரு வழி சொல்கிறேன். ஒரு வருஷத்தில் கட்டும் மொத்தத்தை 46ஆல் பெருக்கினால், வட்டி 8.2லேயே நின்றால் 21 வருஷத்தில் வரும் தொகை. 39ஆல் பெருக்கினால் 7 சதவீதத்துக்கான தொகை. 12,000க்கு முன்னது சுமார் ஐந்தரை லட்சம், பின்னது 4.7 லட்சம். நீங்கள் 39ஐ நம்புங்கள். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால், அன்றைய ஐந்தரை லட்சத்துக்கு இன்றைய சுமார் 1.6 லட்சத்தின் மதிப்புதான் இருக்கும் என்பதையும் ஓரமாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

மாதம் 5ஆம் தேதிக்குள் கட்டினால்தான் அந்த மாத வட்டி என்று பெரிதாகப் பேசுவார்கள். உண்மைதான். ஆனால் மாதம் ஆயிரம் கட்டுகிறவருக்கு 21 வருஷத்திலும் சேர்த்து வித்தியாசம் மூவாயிரத்து அறுநூறு சொச்சம். அதற்காக மகளிர் குழுவில் கடன் வாங்கி 5ஆம் தேதிக்குள் கட்டிய அம்மாவை எனக்குத் தெரியும். மாதத் தவணை என்றே இந்தத் திட்டத்தில் ஒன்று கிடையாது. வருஷத்துக்கு 250 போட்டால் கணக்கு உயிரோடு இருக்கும். அதுவும் விட்டுப்போனால், விட்ட ஒவ்வொரு வருஷத்துக்கும் 250உம் அபராதம் 50உம் கட்டி, முதல் 15 வருஷத்துக்குள் புதுப்பித்துவிடலாம். மூன்று வருஷம் விட்டவர் கட்ட வேண்டியது 900 ரூபாய். "கணக்கு செத்துப்போச்சு, புதுசா தொடங்கிக்கோ" என்று ஒரு அஞ்சலகத்தில் திருப்பியனுப்பினார்கள். அந்தப் பெண்ணுக்கோ பன்னிரண்டு வயது, புதிதாகத் தொடங்கவே முடியாது.

ஆர்.டி. எனும் மாதச் சேமிப்பு வசூலுக்கு வருகிறவரிடம் பணத்தையும் பாஸ்புக்கையும் சேர்த்துக் கொடுத்து அனுப்பாதீர்கள். கொடுத்தே ஆக வேண்டுமென்றால் மாதம் ஒருமுறை பாஸ்புக்கைக் கேட்டு வாங்கிப் பதிவைப் பாருங்கள். வாயால் "கட்டிட்டேன்" என்பதற்கு வட்டி ஏறாது.

தாத்தா பாட்டி தொடங்கிய கணக்குகளில் வேறொரு கூத்து. 2024இல் வந்த விதிப்படி காப்பாளர் பெயரைத் தாய் தந்தைக்கோ சட்டப்படியான காப்பாளருக்கோ மாற்ற வேண்டும். மாற்ற வேண்டும், அவ்வளவுதான். அதைச் சாக்காக வைத்து "மூடிடுங்க" என்று சொன்னால் மூடாதீர்கள். ஒரே வீட்டில் இரண்டுக்கு மேல் போனால்தான் அந்தப் பேச்சு. பிறப்புச் சான்றில் குழந்தையின் பெயர் ஏறாமல் காலியாக இருந்தாலோ, சான்றில் ஒரு இனிஷியலும் ஆதாரில் வேறு இனிஷியலும் இருந்தாலோ இரண்டு மூன்று நடை நிச்சயம். தொடங்கப் போகும் முன்பே சரிசெய்துகொண்டு போனால் ஒரு நாள் கூலியாவது மிஞ்சும்.

கல்யாணத்துக்காக முடிப்பதற்குக் கெடு உண்டு: கல்யாணத் தேதிக்கு ஒரு மாதம் முன்பிருந்து மூன்று மாதம் பின்பு வரை. அந்தக் கெடு போனால் கல்யாணக் காரணமும் போய்விடும். பத்திரத்தாளில் உறுதிமொழி, நோட்டரி கையெழுத்து, வயதுச் சான்று எல்லாம் கேட்பார்கள். மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கும் வாரத்திலேயே இதையும் தயார் செய்யுங்கள். பதினெட்டு முடிந்ததும் கணக்கு மகளின் பொறுப்புக்குப் போகும். அவள் ஆதாரோடு நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். இதைச் செய்யாமல் விட்டுவிட்டுக் கல்யாண நேரத்தில் அலைந்தவர்கள் உண்டு.

படிப்புக்கு வேறு வழி இருக்கிறது. பதினெட்டு முடிந்தோ, பத்தாவது தேறியோ இருந்தால், முந்தைய நிதியாண்டுக் கடைசியில் இருந்த இருப்பில் பாதிவரை எடுக்கலாம். கல்லூரியின் சேர்க்கைக் கடிதமோ கட்டணச் சீட்டோ வேண்டும். சீட்டில் உள்ள தொகைக்கு மேல் தரமாட்டார்கள்.

அக்காவின் மகள் நர்சிங் படிக்கிறாள். கட்டணச் சீட்டோடு போனபோது "படிப்புக்கெல்லாம் எடுக்க முடியாது" என்றார்கள். மறுமுறை விண்ணப்பத்தை இரண்டு நகலாக எழுதிக் கொடுத்தனுப்பினேன். ஒன்றில் தேதி முத்திரை போட்டுக் கொடுங்கள், முடியாதென்றால் அதை எழுத்தில் கொடுங்கள், இரண்டும் இல்லையென்றால் இங்கிருந்தே அஞ்சல் துறையின் புகார் எண் 1800 266 6868க்குப் பேசுகிறேன் என்று சொல்லச் சொன்னேன். முத்திரை விழுந்தது. பணம் அடுத்த வாரம் வந்தது. துண்டுத்தாளை மட்டும் அவர் இன்னும் பாஸ்புக்குக்குள்ளேயே வைத்திருக்கிறார்.