காலேஜ் ஸ்போர்ட்ஸ்ல பையனுக்கு காசு வருதா? டேக்ஸை எடுத்து வச்சீங்களா?

அமெரிக்கால டேக்ஸ் ரிட்டர்ன் போடறதுதான் என் பொழப்பு. இப்பெல்லாம் மார்ச் மாசம் ஆனா காலேஜ் டீம்ல ஆடற பசங்களும் அவங்க அப்பா அம்மாவும் வர ஆரம்பிச்சுட்டாங்க. 2021 வரைக்கும் இந்தக் கூட்டமே கிடையாது, ஏன்னா காலேஜ் ஸ்போர்ட்ஸ நடத்தற அமைப்பான என்சிஏஏ ரூல்படி காலேஜ் பிளேயர்னா அமெச்சூர், கோச்சுக்கு மில்லியன் கணக்குல சம்பளம், டிவி ரைட்ஸ் பில்லியன்ல போகும், ஆடறவனுக்கு ஸ்காலர்ஷிப்போட சரி. (அந்த ஸ்காலர்ஷிப்ல ரூமுக்கும் சாப்பாட்டுக்கும் போற பங்குக்கு அப்பவே டேக்ஸ் உண்டு, யாரும் வாயத் திறக்க மாட்டாங்க.) 2021 ஜூன்ல ஆல்ஸ்டன் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் 9-0ன்னு என்சிஏஏக்கு எதிரா தீர்ப்பு சொல்லுச்சு, ஜூலை 1ல இருந்து பசங்க தன் பேரையும் படத்தையும் வச்சு சம்பாதிக்கலாம்னு ஆச்சு, அதைத்தான் என்ஐஎல்னு (நேம், இமேஜ், லைக்னஸ்) சொல்றோம். 2025 ஜூன்ல ஹவுஸ்ங்கற பிளேயர் போட்ட கேஸோட செட்டில்மென்ட்ட கோர்ட் அப்ரூவ் பண்ணதும் காலேஜே நேரா காசு குடுக்கலாம்னு வந்துருச்சு, முதல் வருஷம் ஒரு காலேஜுக்கு லிமிட் சுமார் 20.5 மில்லியன் டாலர்.

நல்ல விஷயம்தான், அவன் உழைப்பு அவனுக்கு. ஆனா குடுக்கறவங்க டேக்ஸ் பிடிச்சுட்டு குடுக்கறதில்ல. பையன் எம்ப்ளாயி இல்லன்னு காலேஜ் இன்னும் பிடிவாதமா நிக்குது, அதனால சம்பளக்காரங்களுக்குத் தர்ற டபிள்யூ-2 ஃபார்ம் வராது, வெளியாளுக்குக் குடுத்த காசைக் காட்டற 1099 ஃபார்ம்தான் வரும். டேக்ஸ் ஆஃபீஸான ஐஆர்எஸ் கணக்குல உங்க 19 வயசுப் பையன் சொந்தத் தொழில் பண்றவன்.

உதாரணத்துக்கு 2025ல ஒரு பையனுக்கு என்ஐஎல்ல 24,000 டாலர் வந்துச்சு, செலவுன்னு காட்ட எதுவும் இல்லன்னு வைங்க. ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷனே 15,750 இருக்கு, அவ்வளவுக்கு இன்கம் டேக்ஸே இல்ல, பெருசா ஒண்ணும் வராதுன்னுதான் எல்லா அப்பாவும் சொல்வாங்க. இன்கம் டேக்ஸ் நிஜமாவே ஐநூத்திச் சொச்சம்தான். அடி விழறது செல்ஃப் எம்ப்ளாய்மென்ட் டேக்ஸ்ல (சொந்தத் தொழில் பண்றவங்க சோஷியல் செக்யூரிட்டிக்கும் மெடிகேருக்கும் கட்டறது), 15.3 பர்சென்ட், அதுக்கு ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் எல்லாம் கிடையாது, அது மட்டும் 3,400 டாலர் கிட்ட. ஸ்டேட் டேக்ஸ் தனி. பையன் போன்ல பேங்க் பேலன்ஸ காட்டுவான், மூணு இலக்கம்தான் இருக்கும், மிச்சமெல்லாம் ஷூ, ட்ரிப், ஃப்ரெண்ட்ஸுக்கு சாப்பாடுன்னு போயிருக்கும். அதனால காசு வந்த அன்னைக்கே கால்வாசிய வேற அக்கவுண்ட்ல தள்ளி வைக்கச் சொல்லுங்க. ஏப்ரல், ஜூன், செப்டம்பர், ஜனவரி 15ன்னு நாலு தவணையா கட்டணும், விட்டா பெனால்டி வரலாம். ஃபார்ம் வரலன்னா டேக்ஸ் இல்லன்னு ஒரு நம்பிக்கை சுத்துது, அது தப்பு, லாபம் 400 டாலர் வந்தாலே ரிட்டர்ன் போடணும். ஓசில குடுத்த ஷூவும் ஓட்டக் குடுத்த காரும் கூட வருமானம்தான்.

காண்ட்ராக்ட்டையும் படிக்காம சைன் பண்ணாதீங்க. ஃப்ளோரிடா யூனிவர்சிட்டில அமெரிக்கன் ஃபுட்பால் ஆடின ஜெர்வான் டெக்ஸ்டர் 2022ல ஒரு கம்பெனிகிட்ட 436,485 டாலர் வாங்கினார், பதிலுக்கு பின்னாடி என்எஃப்எல்ல (ப்ரொஃபஷனல் லீக்) வர்ற சம்பளத்துல 15 பர்சென்ட், 25 வருஷத்துக்கு! அடுத்த வருஷமே கோர்ட்டுக்குப் போனார்.

சென்னைல இருந்து டென்னிஸ், ஸ்குவாஷ்னு எஃப்-1 ஸ்டூடன்ட் விசால வர்ற பசங்க கதையே வேற. அமெரிக்கால இருந்துகிட்டு விளம்பரத்துல நடிச்சா, இன்ஸ்டால காசுக்கு போஸ்ட் போட்டா அனுமதியில்லாம வேலை பார்த்ததா ஆகலாம், விசாவுக்கே ஆபத்து. கென்டக்கி யூனிவர்சிட்டில பாஸ்கெட்பால் ஆடின ஆஸ்கர் ஷீப்வே, காங்கோக்காரர், 2022ல டீமோட பஹாமாஸ் போனப்பதான் அங்க வச்சு என்ஐஎல் வேலைய முடிச்சார். எங்க நின்னு வேலை பார்த்தோம்ங்கறது அவ்வளவு முக்கியம். முதல்ல காலேஜ் இன்டர்நேஷனல் ஆஃபீஸ்லயும் ஒரு இமிக்ரேஷன் லாயர்கிட்டயும் கேளுங்க, என்கிட்ட அப்புறம் வாங்க, ஏன்னா வந்த காசை நான் ரிட்டர்ன்ல காட்டியே ஆகணும், காட்டினா இங்க சம்பாதிச்சதுக்கு அதுவே எழுத்துல சாட்சி.