முன்னுரிமைப் பங்கு வாங்கச் சொல்கிறார்களா? கொஞ்சம் பொறுங்கள்

கம்பெனிகள் எதற்கு இரண்டு மூன்று வகைப் பங்கு வெளியிடுகின்றன? பணம் வேண்டும், ஆனால் பிடியை விட்டுக்கொடுக்க மனசில்லை. பெரும்பாலும் இவ்வளவுதான். 2013 கம்பெனிச் சட்டத்தின் 43-வது பிரிவு அதற்கு இடம் கொடுக்கிறது. டாடா மோட்டார்ஸ் 2008-ல் பத்துப் பங்குக்கு ஒரே ஓட்டு, டிவிடெண்ட் (லாபத்தில் பங்குதாரருக்குத் தரும் தொகை) கொஞ்சம் கூட என்று ஒரு வகையை விற்றது, 2024-ல் அதை ரத்தும் செய்தது. அது ஊரறிய நடந்தது, பிரச்சினை இல்லை.

நம்ம பக்கத்தில் மாட்டிக்கொள்வது முன்னுரிமைப் பங்கில், அதாவது டிவிடெண்டும் முதலும் சாதாரணப் பங்குக்காரருக்கு முன்னால் கிடைக்கும், ஆனால் ஓட்டு பெரும்பாலும் இல்லாத பங்கில். ஓசூரில் ஆலை வேலை முடித்து பி.எஃப். பணத்தோடு இருப்பவரிடம் தெரிந்த பையன் ஒருவன் வந்து, "எஃப்.டி.யை விட நல்ல வட்டிண்ணே" என்று சொல்லி, பேர் கேள்விப்படாத கம்பெனியின் சான்றிதழைக் கொடுத்துவிட்டுப் போகிறான். அது வட்டியே இல்லை. லாபம் இருந்தால்தான் டிவிடெண்ட். முதலைத் திருப்புவதும் லாபத்திலிருந்தோ புதுப் பங்கு விற்ற பணத்திலிருந்தோதான், அதற்கு 20 வருஷம் வரை இழுக்கலாம். கம்பெனி மூழ்கினால் கடன் கொடுத்தவர்கள் எடுத்தது போக மிச்சம் இருந்தால் உண்டு. ஓட்டு? உங்கள் உரிமையைத் தொடும் தீர்மானத்துக்கும், கம்பெனியை மூடுவது, மூலதனத்தைத் திருப்புவது அல்லது குறைப்பது பற்றிய தீர்மானத்துக்கும் மட்டும். இரண்டு வருஷம் டிவிடெண்ட் தராவிட்டால் எல்லாவற்றிலும் ஓட்டுப் போடலாமாம், கூட்டம் நடப்பதையே சொல்லாதவர்களிடம்!

ரொக்கமாகக் கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். தனிப்பட்ட முறையில், அதாவது பொதுமக்களுக்கு அல்லாமல் குறிப்பிட்ட சிலருக்கு மட்டும், பங்கு விற்கும் கம்பெனி ரொக்கம் வாங்கக் கூடாது, விளம்பரம் செய்யக் கூடாது, ஏஜென்ட் வைத்து ஊரெல்லாம் ஆள் பிடிக்கக் கூடாது. 60 நாளில் பங்கு ஒதுக்க வேண்டும், இல்லையென்றால் அடுத்த 15 நாளில் பணத்தைத் திருப்ப வேண்டும், அதுவும் தவறினால் 12 சதவீத வட்டி.

மாட்டிக்கொண்ட பிறகு அலைச்சல் வேறு. போலீசில் 'சிவில் மேட்டர்' என்பார்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தால் அது சுற்றிக்கொண்டு அதே ஸ்டேஷனுக்கே வரும். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியோ 'சந்தையில் பட்டியலிடாத கம்பெனி' என்று கைவிரிக்கப் பார்க்கும். புகாரைக் கம்பெனிப் பதிவாளருக்கு எழுதுங்கள், நீங்கள் இருக்கும் ஊர்க் கணக்கில் அல்ல, கம்பெனியின் பதிவு அலுவலகம் இருக்கும் ஊர்க் கணக்கில். வங்கிப் பரிமாற்ற நகல், சான்றிதழ், அந்தப் பையன் அனுப்பிய வாட்ஸ்அப் எதையும் அழிக்காதீர்கள். கூட ஏமாந்தவர்களைத் தேடிச் சேருங்கள். ஒரே நிதியாண்டில் 200 பேருக்கு மேல் விற்றிருந்தால் சட்டப்படி அது பொது வெளியீடு, அப்போது செபி கைகழுவ முடியாது. 2012-ல் சஹாரா வழக்கில் உச்ச நீதிமன்றமும் இப்படித்தான் சொன்னது, அப்போதைய பழைய சட்டத்தில் வரம்பு 50 பேர்.

மா விவசாயிகளின் உற்பத்தியாளர் கம்பெனி என்று சொல்லிக்கொண்டு யாராவது முன்னுரிமைப் பங்கோடு வந்தால் பேச்சே வேண்டாம். அந்த வகைக் கம்பெனி சாதாரணப் பங்கு மட்டும்தான் வெளியிட முடியும், எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஒரு விவசாயிக்கு ஒரே ஓட்டு.