நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை

போன கோடையில் ஒரு மதிய வேளை, பேருந்து நிலையத்திலிருந்து ஒருவரை எங்கள் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இடது புருவத்துக்கு மேல் வெட்டுக்காயம், சட்டையெல்லாம் ரத்தம். "திடீர்னு மயங்கி விழுந்துட்டாரு சார், அட்டாக்கான்னு பாருங்க" என்றார் கூட வந்த நடத்துநர். ஈசிஜியில் புதிதாக எதுவும் இல்லை. ரத்த அழுத்தம் மட்டும், அதன் மேல் அளவே, 80-க்குக் கீழே கிடந்தது. காலை உயர்த்தி வைத்து சலைன் ஏற்றியதும் மெல்ல மேலே வந்தது. சட்டைப் பையில் பத்து ரூபாய்த் தாளுக்குள் மடித்துவைத்த, நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் சார்பிட்ரேட் மாத்திரைகள் நான்கைந்து இருந்தன, வியர்வையில் ஊறி ஓரம் பொடிந்துபோய். நெஞ்சு இறுக்கியிருக்கிறது. கூட்டமான பேருந்தில் நின்றபடியே ஒன்றை நாக்குக்கு அடியில் வைத்திருக்கிறார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, வலி நிற்கவில்லையே என்று இன்னொன்றும் வைத்துவிட்டார்.

"உட்கார்ந்துகொண்டு வையுங்கள்" என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. புறநோயாளிகள் கூட்டத்தில் நானும் பலரிடம் இதைச் சொல்லாமல் விட்டிருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அந்தச் சின்ன மாத்திரை உடலுக்குள் போய் ஒரு வாயுவாக வேலை செய்கிறது. அதன் பெயர் நைட்ரிக் ஆக்சைடு. பல் மருத்துவர்கள் கொடுக்கும் சிரிப்பூட்டும் வாயு நைட்ரஸ் ஆக்சைடு. அது வேறு, இது வேறு. நைட்ரிக் ஆக்சைடை நம் ரத்தக் குழாய்களின் உட்சுவர் எந்நேரமும் துளித்துளியாகச் சுரந்துகொண்டிருக்கிறது. பக்கத்திலுள்ள தசைக்குள் நுழைந்து, "தளர்ந்துகொள்" என்று சேதி சொல்லிவிட்டுச் சில நொடிகளில் மறைந்துவிடும். உட்சுவர் கெட்டுப்போன சர்க்கரை நோயாளிக்கும், புகைபிடிப்பவருக்கும், கொழுப்பு படிந்தவருக்கும் இந்தச் சுரப்பு குறைந்துவிடுகிறது. அந்தக் குறையைத்தான் மாத்திரை வெளியிலிருந்து ஈடுகட்டுகிறது.

இது தெரியவே நூறாண்டுக்கு மேல் ஆனது. 1847-இல் இத்தாலியின் டூரின் நகரில் அஸ்கானியோ சொப்ரெரோ என்ற வேதியியலாளர், சார்பிட்ரேட்டின் அதே மருந்துக் குடும்பத்தில் மூத்ததான நைட்ரோகிளிசரினைச் செய்தார். நாக்கில் துளி பட்டதுமே தலைவலி மண்டையைப் பிளந்ததை அவர் குறித்துவைத்திருக்கிறார். 1879-இல் லண்டன் மருத்துவர் வில்லியம் மரெல் அதையே நெஞ்சுவலிக்குக் கொடுத்துப் பார்த்தார். அதே பொருளில் டைனமைட் செய்து பணம் குவித்த ஆல்ஃபிரட் நோபலுக்கு 1896-இல், அவர் இறந்த ஆண்டில், இதயநோய்க்கு மருந்தாக எழுதித்தரப்பட்டதும் நைட்ரோகிளிசரின்தான். அது வேலை செய்யும் விதம் அப்போது யாருக்கும் தெரியாது. 1977-இல் அமெரிக்க விஞ்ஞானி ஃபெரிட் முராட், இந்த வகை மருந்துகள் நைட்ரிக் ஆக்சைடை வெளியிடுகின்றன என்று காட்டினார். உட்சுவரைச் சுரண்டி எடுத்த ரத்தக் குழாய் தளர மறுக்கிறது என்பதை 1980-இல் ராபர்ட் ஃபர்ச்காட் கண்டார். உட்சுவரிலிருந்து வரும் அந்த மர்மப் பொருளும் நைட்ரிக் ஆக்சைடுதான் என்ற முடிவுக்கு அவரும் லூயிஸ் இக்னாரோவும் தனித்தனியே வந்தார்கள். 1998-இல் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. வண்டிப் புகையில் வரும் நச்சு வாயு உடலுக்குள் தூதுவனாக இருக்கிறது என்பதை அன்று பலரால் நம்ப முடியவில்லை.

இன்று அந்த வாயுவை நேரடியாகவே சிகிச்சைக்குக் கொடுக்கிறோம். பிறந்ததும் நுரையீரல் ரத்தக் குழாய்கள் விரியாமல் நீலம் பாரித்துக் கிடக்கும் குழந்தைக்கு, வெண்டிலேட்டர் வழியாகப் பத்து லட்சத்தில் 20 பங்கு என்ற அளவில் போகிறது. நுரையீரலைத் தாண்டி ரத்தத்தில் கலந்தவுடன் ஹீமோகுளோபின் அதைப் பிடித்துச் செயலிழக்கச் செய்துவிடுவதால், மற்ற இடங்களில் அழுத்தம் சரிவதில்லை. ஒரு குழந்தையின் உதடு நீலத்திலிருந்து சிவப்புக்குத் திரும்புவதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அளவு கூடினால் இதே வாயு ரத்தத்தின் ஆக்சிஜன் சுமக்கும் திறனைக் கெடுக்கும். அதனால் அதற்கென்றே கருவிகளும் கண்காணிப்பும் வேண்டும். செலவும் அதிகம்.

கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரஜன் சல்ஃபைடையும்கூட நம் செல்கள் சொற்ப அளவில் உண்டாக்குகின்றன. மருந்தாக அவை இன்னும் ஆய்வு நிலையைத் தாண்டவில்லை. கழிவுநீர்த் தொட்டிக்குள் இறக்கிவிடப்பட்டு மனிதர்கள் செத்துக்கொண்டிருப்பதற்குக் காரணமான வாயுக்களில் ஹைட்ரஜன் சல்ஃபைடு முக்கியமானது. எந்த மனிதனையும் அதற்குள் இறக்கக்கூடாது.

மாத்திரைக்கு வருகிறேன். அது முதலில் சிரைகளை, அதாவது இதயத்துக்கு ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவரும் குழாய்களை, விரிக்கிறது. ரத்தம் அங்கே தேங்க, இதயத்துக்கு வந்துசேரும் சுமை குறைந்து வலி அடங்குகிறது. நின்றுகொண்டிருந்தால் ரத்தமெல்லாம் காலுக்கு இறங்கிவிடும். மூளைக்குப் போதாமல் சாய்ந்துவிடுவீர்கள். ஆகவே முதலில் உட்காருங்கள். மாத்திரை நாக்குக்கு அடியில் கரைய வேண்டும். விழுங்கினால் கல்லீரல் பெரும்பகுதியைச் சிதைத்துவிடும், மிச்சம் வேலை செய்யவும் நேரமாகும். தலை விண்விண்ணென்று வலிக்கலாம். தலையில் உள்ள குழாய்களும் விரிவதால் வருவது அது, பயப்பட வேண்டாம். ஐந்து நிமிடத்தில் வலி குறையவில்லை என்றால் அடுத்த மாத்திரையைத் தேடுவதற்கு முன் 108-ஐ அழையுங்கள். மாத்திரையைப் பட்டையிலேயே வைத்திருங்கள், காலாவதித் தேதியைப் பாருங்கள்.

நெஞ்சைப் பிடித்தவருக்கெல்லாம் பக்கத்து வீட்டு மாத்திரையைக் கொடுங்கள் என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்திகளை நம்பாதீர்கள். மாரடைப்பு இதயத்தின் வலது அறையைத் தாக்கியிருந்தால், இந்த மாத்திரை ரத்த அழுத்தத்தைக் கிடுகிடுவென்று இறக்கிவிடும். அது எந்த வகை என்று ஈசிஜி எடுக்காமல் எங்களுக்கே தெரியாது.

இன்னொரு ஆபத்தைப் பற்றி வீடுகளில் பேசுவதே இல்லை. ஆண்மைக்குறைவுக்குப் போடும் சில்டெனாஃபில், டடலாஃபில் மாத்திரைகளும் இதே பாதையில்தான் வேலை செய்கின்றன. நைட்ரிக் ஆக்சைடு தசைக்குள் தளர்த்தும் பொருளை நிரப்புகிறது. அது தீர்ந்துபோகும் வழியைச் சில்டெனாஃபில் அடைத்துவிடுகிறது. குழாயைத் திறந்துவிட்டுத் தொட்டியின் வடிகாலையும் அடைத்த கதை. இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் பாதாளத்துக்குப் போகும், உயிரே போகலாம். சில்டெனாஃபில் போட்ட 24 மணி நேரத்துக்குள்ளும், டடலாஃபில் போட்ட 48 மணி நேரத்துக்குள்ளும் நாக்கு மாத்திரையைத் தொடக்கூடாது. நுரையீரல் ரத்த அழுத்தத்துக்காகப் பெண்களும் குழந்தைகளும்கூட இவற்றைச் சாப்பிடுகிறார்கள். அவர்களுக்கும் இதே விதிதான்.

சில ஆண்டுகளுக்கு முன் நெஞ்சுவலியோடு வந்த ஒருவரிடம், "வேற ஏதாச்சும் மாத்திரை எடுத்தீங்களா?" என்று மனைவியும் மகனும் நிற்கும்போதே கேட்டேன். "இல்ல சார்" என்றவர் என்னைப் பார்க்காமல் மின்விசிறியைப் பார்த்தார். எனக்கு உறுத்தியது. ஈசிஜி எடுக்க வேண்டும் என்று சொல்லி இருவரையும் வெளியே அனுப்பிவிட்டு, திரையை இழுத்துவிட்டு, குனிந்து மறுபடி கேட்டேன். "நேத்து ராத்திரி ஒண்ணு போட்டேன் சார். வீட்டுல சொல்லிராதீங்க." நர்ஸ் கையில் சார்பிட்ரேட் தயாராக இருந்தது, வேண்டாம் என்று சைகை காட்டினேன். வேறு மருந்துகளால் வலியை அடக்கினோம். மூன்றாம் நாள் நடந்தே வீட்டுக்குப் போனார். நான் யாரிடமும் சொல்லவில்லை.

இப்போதெல்லாம் அந்தக் கேள்வியைத் திரையை இழுத்துவிட்டுத்தான் கேட்கிறேன். உங்களிடம் ஒரு மருத்துவர் அப்படிக் கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுங்கள். அவர் கேட்க மறந்தால், "இது இருக்கு டாக்டர்" என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.