ரிங்டவுன் – அதிர்வடங்கல்

கருந்துளை ஆய்வுகளில் அடிபடும் ‘ரிங்டவுன்’ என்ற சொல்லில் உள்ள ‘ரிங்’ மோதிரமும் இல்லை, வளையமும் இல்லை. மணி அடிக்கிற ரிங். எழுத்து ஒன்றானாலும் இரண்டுக்கும் வேர் வேறு. மணிக்கான ‘ஹ்ரிங்கன்’ என்ற பழைய ஆங்கில வினை, நம் ‘கணகண’ போல ஓசையைப் பார்த்தே பிறந்தது. ‘டவுன்’ என்பது அந்த அதிர்வு தேய்ந்து அடங்குவது. மின்சுற்றில் எழுந்த அலைவு மெல்ல ஓய்வதற்கும் பொறியாளர்கள் இதையேதான் சொல்வார்கள்.

சரி, கருந்துளைக்கும் மணிக்கும் என்ன உறவு? இரண்டு கருந்துளைகள் சுற்றிச் சுற்றி நெருங்கி ஒன்றாகும்போது, புதிதாகப் பிறப்பது முதலில் கோணல்மாணலாக இருக்கும். அந்தக் கோணலை ஈர்ப்பலைகளாக, அதாவது வெளியையே நெளியவைத்துப் பரவும் அலைகளாக, உதறிவிட்டுத்தான் ஒழுங்கான வடிவத்துக்கு வரும். அந்த உதறல்தான் ரிங்டவுன். கருந்துளைமேல் அலையை ஏவினால் இப்படித் தேயும் அதிர்வு திரும்பிவரும் என்று 1970-இல் கணக்குப் போட்டுக் காட்டியவர் இந்திய இயற்பியலாளர் சி. வி. விஸ்வேஷ்வரா.

2015 செப்டம்பர் 14 அன்று, ஈர்ப்பலைகளைப் பிடிக்கும் லைகோ கருவிகளில் முதல் ஈர்ப்பலை பதிவானது. அதை எழுப்பிய இணைவில் சூரியனைப்போல் சுமார் 62 மடங்கு நிறை கொண்ட கருந்துளை ஒன்று பிறந்து, நொடிக்கு ஏறக்குறைய 250 முறை என்ற வீதத்தில் அதிர்ந்தது. ஆனால் அதிர்வின் வீச்சு 4 மில்லிநொடியிலேயே மூன்றில் ஒரு பங்கு அளவுக்குச் சரிந்துவிட்டது. ஒரே ஒரு அலைவுக்கு ஆகும் நேரமும் அதேதான்! மணி என்ற உவமைக்கே இது கொஞ்சம் அதிகம். எந்த மணியும் இவ்வளவு சீக்கிரம் வாயை மூடாது.

அதனால்தான் இதற்குத் தமிழில் ‘ரீங்காரம்’ என்று எழுதுவது எனக்கு ஒப்பவில்லை. காதுக்கு இனிமையான சொல்தான். ஆனால் நின்று ஒலிப்பது என்ற பொருள் அதில் ஏறிவிடுகிறது. இங்கே நிற்பதும் இல்லை, ஒலியும் இல்லை. ‘தடையுறு அலைவு’ என்ற பாடநூல் சொல் பிழையில்லை, ஆனால் ஊசலுக்கும் சுருள்வில்லுக்கும் பொதுவானது. ‘அதிர்வடக்கம்’ என்றால் இழவு வீடு நினைவுக்கு வருகிறது. ‘அதிர்வடங்கல்’ என்பதே என் தேர்வு.

சொல்லின் இரண்டு பாதியும் வேண்டும் என்பதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. சோதனையே அந்த இரண்டில்தான் நடக்கிறது. எவ்வளவு வேகமாக அதிர்கிறது, எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்ற இரண்டு எண்களும் கிடைத்தால் நிறையும் சுழற்சியும் தெரிந்துவிடும். ஐன்ஸ்டைனின் கோட்பாட்டுப்படி, மின்னூட்டம் இல்லாத கருந்துளைக்கு இவற்றைத் தவிர வேறு அடையாளமே கிடையாது. அப்படியானால் அதே அதிர்வடங்கலில் இரண்டாவது சுரம் ஒன்று, அதாவது தனக்கென வேறு வேகமும் அடங்கும் நேரமும் உள்ள இன்னொரு அதிர்வு, கேட்டால், அதுவும் அதே நிறையையும் சுழற்சியையும்தான் சொல்ல வேண்டும். மாற்றிச் சொன்னால், ஒன்று அது நாம் நினைத்த கருந்துளை இல்லை, அல்லது கோட்பாட்டில் ஓட்டை.

2025 ஜனவரி 14 அன்று வந்த அலை முதல் அலையைவிடச் சுமார் மூன்று மடங்கு தெளிவானது. அதில் இரண்டு சுரங்களைப் பிரித்துப் பார்த்தார்கள், கணக்கு ஒத்துப்போனது.

அதிர்வு அடங்கியபின் மறுபடி ஒரு மெல்லிய அதிர்வு எழுந்தால், அங்கே இருப்பது தொடுவானம் (உள்ளே போன ஒளியும் திரும்ப முடியாத கருந்துளையின் எல்லை) இல்லாத வேறு ஏதோ பொருளாக இருக்கலாம். அதற்கு ‘எதிரொலி’ என்ற சொல் தயாராக இருக்கிறது. எதிரொலிதான் இதுவரை உறுதியாகச் சிக்கவில்லை.